வால் முளைத்த மருந்து

மே மாதம் மதியம் இரண்டரை மணிக்குச் சித்தூர் கடைத்தெருவில் நாய்கூட நடமாடாது. அந்த நேரம் பார்த்துத்தான் மாங்கூழ் ஃபேக்டரிப் பெண்கள் என் மருந்துக்கடைக்கு வருவார்கள். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிற வழி. அந்நேரம் கடையில் ஆண்கள் யாரும் நிற்கமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, குரலைத் தணித்து, "அண்ணா, ஆ தாமர ட்யூப் ஒகட்டி ஈயண்ணா" என்பார்கள். தெலுங்கில் தாமர, தமிழில் படர்தாமரை. சண்டை போட ஆயிரம் காரணம் வைத்திருக்கும் இரண்டு மொழிக்காரர்களும் இந்தப் பாழாய்ப்போன அரிப்புக்கு ஒரே பூவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

எந்த இடத்தில் என்று நான் கேட்டதில்லை. ஒரு பெண்ணிடம் அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், கேட்டால் நேரமாகும். காலையிலிருந்து ஈரத் தரையில் நின்று தோத்தாபுரி மாம்பழம் நறுக்குகிறவளுக்கு எங்கே வரும் என்பது ஊகிக்க முடியாத விஷயமும் இல்லை. பாவாடை நாடா இறுகும் இடுப்பைச் சுற்றி வரும், தொடை இடுக்கில் வரும், மார்புக்குக் கீழே வரும். கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் தனி. அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் என் கை இரண்டாவது தட்டுக்குப் போய்விடும். பதினைந்து கிராம் ட்யூப். கிளோபீட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, கூடவே பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று. கடைப் பையன்கள் அதற்கு 'பவர் ட்யூப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்றே நாளில் அரிப்பு நின்றுவிடும். விற்காமல் என்ன செய்யும்?

32 வருஷம் விற்றேன். டாக்டர் சீட்டு கேட்டது சொற்பம். இப்போது கடையைத் தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். நான் சாயங்காலம் போய் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதோடு சரி. தோல் மருந்துகளில் கொழுப்பைச் சேர்த்து புதிது புதிதாக ஏதேதோ வருகிறது என்று பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டாவது தட்டுதான் ஞாபகம் வருகிறது. ஏனென்றால் கொழுப்பு ஒட்டிய மருந்து ஒன்றும் புதிதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதைத்தான் மருந்துக்கடைக்காரர்கள் நாங்கள் கைநிறைய எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம், இன்னது என்று தெரியாமலே.

பீட்டாமெத்தசோன் வாலரேட் என்று ட்யூபில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். வீட்டுக்கு வீடு இருக்கிற பழைய மருந்து. அதில் 'வாலரேட்' என்பது என்ன? டி.ஃபார்ம் படித்தபோது மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்துபோன சங்கதி அது. வாலரிக் அமிலம் என்ற சின்னக் கொழுப்பு அமிலம், ஐந்தே கார்பன். தனியாக முகர்ந்தால் நாலு நாள் துவைக்காத சாக்ஸ் மாதிரி நாறும். அதைக் கொண்டுபோய் ஸ்டீராய்டின் உடம்பில் வால் போல ஒட்டியிருக்கிறார்கள். பெயரிலேயே வால் இருப்பது தமிழ்க்காரனுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

எதற்கு அந்த வால்? நம் தோலின் மேல்படலம் இருக்கிறதே, அது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூடத் தேறாது. செத்துத் தட்டையாகிப்போன செல்கள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். இடையில் பூசிய சாந்து முழுக்கக் கொழுப்பு. செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் கலந்த சாந்து. மழையில் நனைந்தால் நாம் ஊறிக் கரையாமல் இருப்பது இந்தச் சாந்தின் தயவு. அதே சாந்துதான் மருந்தையும் வெளியே நிறுத்துகிறது. தண்ணீரில் கரைகிற சரக்கு இதில் வழுக்கிக்கொண்டு போய்விடும். கொழுப்போடு கொஞ்சம் உறவு உள்ளதுதான் உள்ளே நுழையும். ஆளும் சின்னதாக இருக்கவேண்டும். மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டினால் தோல் அநேகமாக உள்ளே விடாது என்று இரண்டு ஆய்வாளர்கள் 2000-ல் எழுதிவைத்த கணக்கை இன்றைக்கும் மருந்து செய்கிறவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள். பீட்டாமெத்தசோனின் எடை 392. வால் ஒட்டியபிறகு 476. வாசலில் தலை இடிக்காமல் குனிந்து நுழைகிற கணக்கு.

1952-ல் அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இருவர் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகத் தடவி எக்ஸிமா அடங்கியதைக் காட்டினார்கள். தோல் வைத்தியத்தில் அதற்கு முன், அதற்குப் பின் என்று சொல்லலாம். பத்து வருஷம் கழித்து, 1962-ல், மெக்கன்சியும் ஸ்டாட்டனும் ஓர் எளிய சோதனையைக் கொண்டுவந்தார்கள். முன்கையில் சின்னச் சின்ன வட்டமாக மருந்தை வைப்பது. ஸ்டீராய்டு உள்ளே போனால் ரத்தக் குழாய் சுருங்கித் தோல் வெளுக்கும். எது அதிகம் வெளுக்கிறதோ அது நன்றாக உள்ளே போகிறது. இரண்டு வருஷத்தில் பீட்டாமெத்தசோனுக்கு நீளமும் குட்டையுமாக விதவிதமான வால்களை ஒட்டி இதே சோதனையில் இறக்கினார்கள். வாலே இல்லாத பீட்டாமெத்தசோன் தோலில் சப்பென்று இருந்தது. ஐந்து கார்பன் வால் முளைத்தது பிய்த்துக்கொண்டு போனது. கிளோபீட்டசாலுக்குப் பின்னால் வருகிற 'புரோப்பியோனேட்' என்பதும் இன்னொரு வால்தான். கொஞ்சம் குட்டை, அவ்வளவே.

இந்த வாலால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முழங்கை முழுக்கச் செதில் செதிலாக உதிர்ந்து, முழுக்கைச் சட்டையோடு கல்யாணத்துக்கு வந்து நின்ற மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். தோல் டாக்டர் எழுதிக்கொடுத்து, அவர் சொன்ன நாளுக்கு மட்டும் தடவி, அரைக்கைச் சட்டைக்கு மாறியவர்கள் அவர்கள். விவகாரம் மருந்தில் இல்லை. உள்ளே போகிற வல்லமையை ஒரு மருந்துக்குக் கொடுத்துவிட்டு, அதை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தடவலாம் என்று திறந்துவிட்டதில்தான் இருக்கிறது. பூஞ்சை இருக்கிற இடத்தில் ஸ்டீராய்டைத் தடவினால் உடம்பின் எதிர்ப்பு அடங்கிவிடும். சிவப்பும் அரிப்பும் போய்விடும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. காவல்காரனுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

2011-ல் நம் தோல் மருத்துவர்கள் நாட்டின் 12 மையங்களில், முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பார்த்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தவர்கள். பாதிக்குப் பாதியாவது தாமரைக்காகவோ எக்ஸிமாவுக்காகவோ போட்டிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். சிவப்பாக ஆவதற்காகவும் முகப்பருவுக்காகவும் போட்டவர்கள்தான் கூட்டமாக இருந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி என் கடையிலிருந்தும் போயிருக்கலாம். பன்னிரண்டாவது படிக்கிற பெண். அம்மா வந்துதான் வாங்கிப் போவாள். நான் அம்மாவுக்குத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணே வந்தாள். கன்னம் தக்காளித் தோல் மாதிரி மெலிந்து, சிவப்பு நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிந்தது. வெயிலில் இரண்டு நிமிஷம் நிற்க முடியவில்லை என்றாள். ஒரு காலி ட்யூபை கவுண்டரில் வைத்தாள். தோல் டாக்டர் கொடுத்தனுப்பியதாம். அதன் வெள்ளை முதுகில் பால்பாயின்ட் பேனாவால் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தது: யார் இதை விற்றது? கீழே கையெழுத்து இல்லை. எனக்கான கேள்வி என்பதில் சந்தேகமும் இல்லை. அந்த ட்யூபை நான் ரொம்ப நாள் கல்லாப்பெட்டியிலேயே வைத்திருந்தேன்.

சட்டம் வராமல் இல்லை. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை மத்திய அரசு அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. அதே வருஷம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடைசெய்தது. நாலு மருந்து ஐந்து மருந்தைக் கலந்து அடைத்த தோல் களிம்புகளும் அதில் போயின. நல்லது. ஆனால் சாயங்காலம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி நான் பார்ப்பதைச் சொல்கிறேன்: அட்டவணை எச் என்பது எங்கள் தெருவில் ட்யூப் மேல் அச்சடித்த ஒரு வரி. வேறொரு பெயரில் இரண்டு மருந்து சேர்ந்த ட்யூப் வருகிறது, அதற்கும் கை தானாகவே போகிறது. இதற்கிடையில் பூஞ்சையும் தன் வேலையைப் பார்த்துவிட்டது. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனிப் பெயர் வைத்தார்கள்: டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. 'இண்டோ' எங்கிருந்து வந்தது என்று விளக்கவேண்டியதில்லை. 2023-ல் அது நியூயார்க்கிலும் இரண்டு பேரிடம் இருந்ததாக அறிவித்தார்கள். மாங்கூழ் ஏற்றுமதியில் வாங்கிய பெயர் போதாதென்று இதுவும்.

இனி என் மகள் கதைக்கு வருகிறேன். திருப்பதியில் ஒரு கல்லூரியில் எம்.ஃபார்ம் படித்தாள். கடைசி வருஷம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஃப்ளூகோனசோல் லைப்போசோம் ஜெல். "என்னம்மா அது?" என்று கேட்டேன். "நீங்க வித்ததுக்கெல்லாம் பரிகாரம்ப்பா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒருநாள் டிபன் கேரியரோடு போனவனை லேபுக்குள்ளேயே கூட்டிப்போனாள். உருண்டைக் குடுவையில் லெசிதினும் கொலஸ்ட்ராலும் குளோரோஃபாமில் கரைத்திருந்தது. லெசிதின் என்றால் பயப்படவேண்டாம்; சாக்லேட் உறையில் பொடி எழுத்தில் போட்டிருக்கும் அதே சோயா லெசிதின்தான். குடுவையை வெந்நீரில் வைத்து, காற்றை உறிஞ்சிச் சுற்றவிட்டாள். குளோரோஃபாம் ஆவியாகப் போக, கண்ணாடி உட்சுவரில் ஆறின பால் மேல் படிகிற ஆடை மாதிரி மெல்லிசாக ஒரு படலம் நின்றது. அதில் மருந்து கரைந்த தண்ணீரை ஊற்றி மறுபடி சுற்றினாள். ஆடை உரிந்து, தண்ணீர் நீர்மோர் நிறத்துக்கு வந்தது. அந்த வெள்ளையில் ஒவ்வொரு துளிக்குள்ளும் கோடிக்கணக்கான கொழுப்பு மூட்டைகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் மருந்து. வால் ஒட்டுவது ஒரு வழி என்றால் மூட்டை கட்டுவது இன்னொரு வழி. சாந்தும் கொழுப்பு, மூட்டைத் துணியும் கொழுப்பு, ஒன்றுக்கொன்று ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் விடியற்காலை என்னை ஸ்கூட்டரில் கசாப்புக்கடைக்கு அனுப்பினாள். ஆட்டுக்காது வேண்டுமாம், வெட்டின ஒரு மணி நேரத்துக்குள். மயிரைக் கவனமாகக் கத்தரித்து, அடியிலிருக்கும் கொழுப்பை வழித்து, அந்தத் தோலை இரண்டு அறைகொண்ட கண்ணாடிக் குப்பியின் நடுவில் கட்டினாள். மேலே ஜெல், கீழே உப்புத் தண்ணீர், உடம்புச் சூடு. மணிக்கொரு தடவை கீழிருந்து ஒரு சொட்டு உறிஞ்சி அளப்பாள். எவ்வளவு அதிகம் கீழே போகிறதோ அவ்வளவு நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இல்லப்பா, கீழ போனா ரத்தத்துக்குப் போகுதுன்னு அர்த்தம். தோல் வியாதிக்கு மருந்து தோல்லயே தங்கணும்" என்றாள். கடைசியில் அந்தத் தோலை நறுக்கிப் போட்டு, உள்ளே எவ்வளவு தங்கியது என்று பார்ப்பதுதான் சோதனையின் உயிர். 32 வருஷத்தில் எத்தனை ஆயிரம் ட்யூப் விற்றிருப்பேன். எவ்வளவு உள்ளே போகும், எங்கே தங்கும் என்று ஒருநாளும் யோசித்தவனில்லை.

இந்த யோசனைக்கும் வயசு உண்டு. 1980-ல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மெசெய், குலசேகரம் என்ற இருவர் ஒரு ஸ்டீராய்டை லைப்போசோமில் அடைத்து முயல் தோலில் தடவினார்கள். சாதாரண லோஷனைவிட நாலைந்து மடங்கு மருந்து தோலிலேயே தங்கியது; மூளைப் பக்கம் போனது குறைந்தது. இரண்டாவது பெயர் காதில் விழுந்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், எதற்கென்று கேட்காதீர்கள்.

அதைவிடச் சந்தோஷம் வேலூர்க் கதை. சித்தூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். தலைவலி தாண்டின எந்தச் சீக்குக்கும் நாங்கள் ஓடுவது அங்கேதான். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான அந்த சி.எம்.சி.யில் 1957-ல் வந்து சேர்ந்து நரம்பு வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்தவர் பிமல் குமார் பச்சாவத். கல்கத்தாக்காரர். அதற்கு முன் அமெரிக்காவில் மைனர் கூனோடு சேர்ந்து எச்.எம்.ஜி. கோ-ஏ என்ற பொருளைக் கண்டுகொண்டவர். உடம்பு கொலஸ்ட்ரால் செய்கிற பாதையில் அது ஒரு முக்கியமான படி. இன்றைக்குப் பாதி ஊர் விழுங்குகிற ஸ்டேட்டின் மாத்திரை அந்தப் படியில்தான் கைவைக்கிறது. ஏறக்குறைய இருபது வருஷம் வேலூரில் இருந்தார். பிறகு கல்கத்தா, கடைசியில் டெல்லிப் பல்கலைக்கழகம். அங்கே அவரும் மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் நீலிமா க்ஷீர்சாகரும் சேர்ந்து ஆம்ஃபோடெரிசின் பி மருந்தை லைப்போசோமில் அடைத்து, இந்தியாவிலேயே செய்யும் வழியைக் கொண்டுவந்தார்கள். ஆம்ஃபோடெரிசின் பி பழைய, முரட்டுப் பூஞ்சை மருந்து. வெறுமனே ஏற்றினால் சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும். கொழுப்பு மூட்டைக்குள் போனால் சாதுவாகிறது. 2021 மே மாதம் கறுப்புப் பூஞ்சை வந்தபோது இந்த ஊசிக்காக நாடே அலைந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். 'லைப்போசோமல்' என்ற வார்த்தையை ஆட்டோ டிரைவர்கூடத் தப்பில்லாமல் உச்சரித்த ஒரே மாதம் அது.

அதே மருந்து இன்றைக்கு 0.1 சதவீத ஜெல்லாகவும் கிடைக்கிறது, தடவிக்கொள்ள. ஆம்ஃபோடெரிசின் எடை 924. மேலே சொன்ன 500 கணக்கில் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டிய ஆள். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ஓ.பி. கட்டாரே குழு டித்ரனாலை லைப்போசோமில் அடைத்தது இன்னொரு கதை. டித்ரனால் சோரியாசிஸுக்குக் கேட்கும். ஆனால் தோல் எரியும், சட்டை படுக்கையெல்லாம் கறை. அதன் மூதாதை பிரேசில் மரத்துப் பொடி. போர்த்துக்கீசியர் கோவா வழியாகக் கொண்டுவந்ததால் 'கோவாப் பொடி' என்று பெயர் வாங்கியது. நம் ஊர்க்காரர்கள் அதைப் படர்தாமரைக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் மகள் சொல்லக் கேட்டபோது எனக்கு என் ஆத்தா ஞாபகம் வந்தது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு மொட்டைமாடியில் வைப்பாள். இரண்டு மூன்று வெயிலில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும். தண்ணீரில் போட்டால் அந்த நிறம் வராது, கொழுப்பில்தான் இறங்கும். சோரியாசிஸுக்கு, அவர்கள் மொழியில் காளாஞ்சகப்படைக்கு, சித்த மருத்துவர்கள் தருவதும் இந்த எண்ணெய்தான். எந்த மருந்தை எதில் ஏற்றுவது என்ற கேள்வி எங்கள் மொட்டைமாடிக்குத் தெரிந்திருந்தது, என் கடைக்குத்தான் தெரியவில்லை. பாட்டி வைத்தியம் எல்லாமே விஞ்ஞானம் என்று கிளம்புகிற கூட்டத்தில் நானில்லை. எண்ணெயைத் தடவித் தாமரையை இன்னும் படரவிட்டவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகளின் ஆய்வுக்கு என்ன ஆயிற்று? கறுப்பு பைண்டிங், தங்க எழுத்து, மூன்று பிரதி. ஒன்று கல்லூரி நூலகத்தில், ஒன்று கைடிடம், ஒன்று எங்கள் வீட்டு ஷோகேஸில். நல்ல மார்க். ஆனால் அதில் ஒரு பக்கத்தை நான் மடித்து வைத்திருக்கிறேன். ஜெல்லை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்: ஃப்ரிட்ஜில், அறைச் சூட்டில், 40 டிகிரியில். ஃப்ரிட்ஜில் இருந்தது அப்படியே இருந்தது. 40 டிகிரியில் இருந்தது பழுத்து, காறல் வாடை அடித்து, மூட்டை கிழிந்து மருந்து ஒழுகிவிட்டது. முடிவுரையில் ஒரு வரி: குளிர்பதனப் பெட்டியில் வைக்கவும்.

சித்தூரில் மே மாதம் 40 டிகிரி என்பது சோதனைச் சூடு இல்லை, பதினோரு மணிச் சூடு. என் கடையில் ஏ.சி. கிடையாது. கோடையில் சாதாரண க்ரீம் ட்யூபைத் திறந்தாலே முதலில் எண்ணெய் தனியாக ஒழுகும், அப்புறம்தான் க்ரீம் வரும். வேலூர் குடோனிலிருந்து சரக்கு வருகிற வேன் மேல் கை வைக்க முடியாது. மாங்கூழ் ஃபேக்டரிப் பெண் அந்த ட்யூபை வைக்கப்போவது தகர ஷீட் வீட்டுச் சுவர் மாடத்தில். லைப்போசோம், நியோசோம், எத்தோசோம், டிரான்ஸ்ஃபெர்சோம் என்று வருஷத்துக்கொரு பெயர் புறப்படுகிறது. பெயர் புதிதாக இருந்தால்தான் கைடு ஒத்துக்கொள்வார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெயர் பழசாகவே இருக்கட்டும். தகர ஷீட்டுக்குக் கீழே மூன்று மாதம் தாங்குகிற மூட்டையை ஒருத்தர் கட்டிக் காட்டினால் போதும். திருப்பதியில் ரூயா மருத்துவமனை, ஸ்விம்ஸ், மருத்துவக் கல்லூரி எல்லாம் அலிப்பிரிச் சாலையோரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் மருந்தியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆட்டுக்காதிலிருந்து மனுஷத் தோலுக்கு வர ஆட்டோ தூரம்தான். முறையான அனுமதியோடு, நோயாளி சம்மதத்தோடு, தோல் பிரிவு டாக்டரும் மருந்தியல் மாணவியும் ஒரே மேஜையில் உட்காரவேண்டும். அது நடக்காதவரை கறுப்பு பைண்டிங் கூடிக்கொண்டே போகும்.

எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. கிளோபீட்டசாலையே கொழுப்பு மூட்டையில் கட்டுகிற ஆய்வுகளும் வந்துகொண்டிருக்கின்றன. டாக்டர் கையில் அது நல்ல ஆயுதம். குறைந்த மருந்தில் காரியம் முடியும், ரத்தத்துக்குப் போவது குறையும். என் கடையின் இரண்டாவது தட்டில் அது என்னவாகும்? வாலோடு சேர்த்து மூட்டையும். ஆகவே வருவதற்கு முன்பே சொல்லிவைக்கிறேன். எந்த ஸ்டீராய்டு ட்யூபின் மேலும் 'இதில் ஸ்டீராய்டு இருக்கிறது, முகத்துக்கும் தாமரைக்கும் போடாதே' என்று தெலுங்கிலும் தமிழிலும், மருந்தின் பெயர் எந்த அளவு எழுத்தோ அதே அளவில் அச்சிடவேண்டும். பொடி எழுத்து இங்கிலீஷ் எங்களுக்கே கண்ணாடி போட்டால்தான் தெரிகிறது.

சீட்டு இல்லாமல் விற்காதே என்றால், அரை நாள் கூலியை விட்டுவிட்டு அந்தப் பெண் எங்கே போவாள் என்று மருமகன் கேட்கிறான். நியாயமான கேள்வி. ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை க்ரீமை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போதுமான அளவு கொடுத்தால் பாதிப் பேர் என் கடைக்கு வரவேண்டியதில்லை. போதுமான அளவு என்பதைக் கவனியுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்கு ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வரும். இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்து நாலு உள்ளங்கை படர்ந்தவளுக்கு வேளைக்கு ஒரு கிராம், நாளைக்கு இரண்டு. பதினைந்து கிராம் ட்யூப் ஒரு வாரம். வாரக்கணக்கில் விடாமல் போடவேண்டிய மருந்துக்கு ஒரே ஒரு ட்யூபைக் கொடுத்து அனுப்பினால், அந்தக் குறை ட்யூபில்தான் மருந்துக்கு மசியாத பூஞ்சை பழகுகிறது.

போன வாரம் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். அதே தணிந்த குரல், அதே தாமர ட்யூப். மருமகன் கையைத் தட்டுப் பக்கம் நீட்டிவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன்.

"எங்கம்மா இருக்கு?"

அவள் ஒரு நிமிஷம் என் நரைத்த தலையைப் பார்த்தாள். பிறகு இடுப்பைக் காட்டினாள். எத்தனை நாளாக என்றேன். தீபாவளியிலிருந்து என்றாள். வீட்டில் வேறு யாருக்காவது என்றேன். வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். எல்லாருக்கும் ஒரே ட்யூப்தான், ஒரே துண்டுதான். கணக்கைச் சொன்னேன்: நாலு உள்ளங்கைக்கு ஒரு வாரம். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப அஞ்சு பேருக்கு ஒரு ட்யூபு ஒன்றரை நாள்தான்ண்ணா வரும்?"

ஆமாம் என்றேன். புதன்கிழமை ஐந்து பேரும் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குப் போங்கள், ஒருத்தர் மட்டும் போகாதீர்கள் என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மாமியாருக்குக் கால் வலி, பஸ் ஏறமாட்டாள் என்றாள். ஆட்டோ பேசிக்கொள் என்றேன். எதுவும் வாங்காமல் படியிறங்கிப் போனாள். மருமகன் ட்யூபைத் திரும்பத் தட்டில் வைத்தான். இரண்டாவது தட்டில் இல்லை, மேல்தட்டில், கைக்கு எட்டாத இடத்தில். நாளைக்கு ஸ்டூல் போட்டு எடுக்கமாட்டான் என்பதற்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன்.